வண்டியில் ஒரு பழுதும் இல்லை

போன மாதம் பட்டறைக்கு ஒரு வேன் வந்து நின்றது. பட்டறை இப்போது என்னுடையது இல்லை. என்னிடம் வேலை பார்த்தவர்கள் நடத்துகிறார்கள். நான் காலையில் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். வேனின் கோளாறு இது: செல்ஃப் அடித்தால் இன்ஜின் எடுக்கிறது, எடுத்த கையோடு செத்துவிடுகிறது. மீட்டருக்குப் பக்கத்தில் சாவி மாதிரி ஒரு சின்ன விளக்கு மினுக்குகிறது. இந்தக் காலத்துச் சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. வண்டி அதை அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் ஓடும். வண்டியின் சொந்தக்காரர் டிரைவரிடம் கொடுத்திருந்தது கடையில் வெட்டிய மாற்றுச் சாவி. அதில் சில்லு கிடையாது. கிடையாது என்று டிரைவரிடம் சொல்லவும் இல்லை.

டிரைவர் போன் போட்டதும் வண்டிக்காரர் வந்தார். தன் பையிலிருந்த அசல் சாவியைப் போட்டுத் திருப்பினார். எடுத்தது. "பாத்தியா, என் கைக்கு எடுக்குது. நீ என்னத்தையோ நோண்டியிருக்க" என்றார், எல்லார் முன்னாலும்.

நான் எழுந்துபோய் அந்த ஆளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவர் போன பிறகு பட்டறைக்காரர்கள் கேட்டார்கள்: "எதுக்குண்ணே இம்புட்டுக் கோவம்? ஒரு சாவிதான?" அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் போடியில் ஆட்டோ எலக்ட்ரீசியன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிளக் துடைத்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், அடி வாங்கினேன், வேலை கற்றேன். எல்லாரும் அப்படித்தான்.

அப்போது போடிக்கு வரும் வண்டிகளில் பாதி ஜீப்புகள். ஏலத்தோட்டத்து ஜீப்புகள். மேலே போகும்போது ஆளும் அரிசியும் போகும், கீழே வரும்போது ஏலக்காய் மூட்டை வரும். ஏலக்காய் தங்கம் மாதிரி. மூட்டையைத் திருடுவதை விட மூட்டையோடு ஜீப்பைத் திருடுவது சுலபம். அந்த ஜீப்புகளின் சாவி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஒரு துண்டு ஒயர் இருந்தால் எவனும் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

அதனால் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஜீப்பை நிறுத்தியதும் டிரைவர் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டாரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கட்டைவிரல் அளவுச் சாமான்தான். அது இல்லாமல் பிளக்குகளுக்குப் பொறி போகாது. சாமியே வந்து செல்ஃப் அடித்தாலும் வண்டி எடுக்காது. மலை டிரைவர்களின் சட்டைப் பையில் பீடியும் ரோட்டாரும் ஒன்றாகக் கிடக்கும். வெற்றிலைப் பைக்குள் போட்டு வைத்து, சுண்ணாம்பு ஒட்டிய ரோட்டாரை மாட்டிவிட்டு "வண்டி இருமுதுண்ணே" என்று வந்தவர்களும் உண்டு.

தோட்ட முதலாளிகளில் சிலருக்கு இதுவும் போதவில்லை. ரோட்டார் டிரைவர் பையில்தானே இருக்கிறது, டிரைவரே திருடன் என்றால்? இப்படி யோசிக்கிறவர்கள் எங்கள் மேஸ்திரியிடம் வந்து கள்ள சுவிட்ச் போட்டுக்கொண்டார்கள்.

மேஸ்திரிதான் அந்தப் பட்டறையின் முதலாளி. குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தாழும். இடது கைக்காரர். ஒயர் மேல் துணி டேப் சுற்றினால் மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார், முனையை மெழுகு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு முடிப்பார். அந்தச் சுற்று மழையிலும் அவிழாது. பொய் சொல்ல மாட்டார். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார். "மேஸ்திரி, இந்த டைனமோ தாங்குமா?" என்று ஒருவர் கேட்டால், "இன்னைக்கு ஓடுது" என்பார். நாளைக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டவருக்குத் தெரியாது.

கள்ள சுவிட்ச் போடும்போது எங்களை டீக்கடைக்கு அனுப்பிவிடுவார். ஆனாலும் முறை எங்களுக்குத் தெரியும். பொறிக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கும் காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ஒயர் போகிறது. அதே முனையில் இன்னொரு மெல்லிய ஒயரைச் சேர்த்து, மறைவான ஒரு சுவிட்ச் வழியாக வண்டியின் இரும்போடு இணைத்துவிட வேண்டும். சுவிட்சைத் தட்டினால், பொறியாக வேண்டிய கரண்ட் இரும்புக்குள் இறங்கிப் போய்விடும். ஹாரன் அடிக்கும், லைட் எரியும், செல்ஃப் நன்றாகச் சுற்றும். இன்ஜின் மட்டும் எடுக்காது. திருட வந்தவன் ஏதோ ரிப்பேர் வண்டி என்று நினைத்து ஓடிவிடுவான். நல்ல வேலைதான். நான் குறை சொல்லவில்லை.

தேவாரத்துப் பண்ணையார் ஒருவர் போட்டுக்கொண்டார். சபரிமலைக்குப் போய்விட்டு வந்தவர் சுவிட்ச் இருப்பதையே மறந்துவிட்டார். பெட்ரோல் பங்க்கில் போய், தண்ணீர் கலந்து ஊற்றிவிட்டதாக ரகளை பண்ணினார். மேஸ்திரி போய்ச் சீட்டில் உட்கார்ந்து எழுந்தார், வண்டி எடுத்தது. "சாமி புண்ணியம்" என்று பண்ணையார் கும்பிட்டார். மேஸ்திரியும் கும்பிட்டுவிட்டு வந்தார். நாங்கள் சிரித்தோம். அப்போதே சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

இனி செல்லையா விஷயம்.

செல்லையா குரங்கணிக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் ஜீப் டிரைவர். என் வயதுதான் இருக்கும். வண்டியைத் தன் உடம்பு மாதிரி வைத்திருப்பான். மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கும் என்று, மூடிமேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவனுடைய முதலாளிக்குப் போடியில் வீடு, மலையில் தோட்டம். கீழே வீட்டில் வண்டி நிற்கும்போது சாயங்காலம் ஒருமுறை வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பார், காலையிலும் ஒருமுறை பார்ப்பார். முதலாளிக்கு வண்டிமேல் பிரியம் என்று செல்லையா நினைத்திருந்தான்.

எண்பதுகளின் தொடக்கம். பழம் எடுப்பு, அதாவது ஏலக்காய் பறிக்கும் நேரம். முதலாளி ஜீப்பில் தோட்டத்துக்குப் போய்த் தங்கியிருந்தார். மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் ஜீப்பில் போடியில் ஏலக்காய் ஏலத்துக்குக் கிளம்பினார். பேசிக்கொண்டே போகலாம் என்று முதலாளி அதில் ஏறிப் போய்விட்டார். "காய் காஞ்சதும் லோடு ஏத்திக் கொண்டா" என்று செல்லையாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில், மாடசாமி என்ற கூலியாளின் பெண்டாட்டிக்கு வலி கண்டது. நாள் இருந்தது, முன்கூட்டியே கண்டுவிட்டது. பெண்கள் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார்கள். அவளைத் தூக்கி வந்து ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தார்கள். மாடசாமி முன்னால், முதலாளி உட்காரும் இடது சீட்டில் ஏறினான்.

செல்லையா சட்டைப் பையிலிருந்து ரோட்டாரை எடுத்து, துடைத்து, மாட்டினான். செல்ஃப் அடித்தான். சுற்றியது. எடுக்கவில்லை.

மறுபடி அடித்தான். இறங்கினான். ரோட்டாரைக் கழற்றிப் பார்த்தான், சட்டையில் துடைத்து மாட்டினான். எடுக்கவில்லை.

"ஏலேய், வெரசா எடுடா!"

"எடுக்க மாட்டேங்குது மாப்ளே. பொறியே வரலை."

"நேத்து வரைக்கும் வந்துச்சுல்ல? பாக்கெட்டுல போட்டுருந்ததை இப்பத்தான எடுத்து மாட்டுற. மாட்டுனியா, மாட்டுன மாதிரி நடிக்கிறியா?"

அதற்கு முந்தைய சந்தை நாளில் மாடசாமியை வண்டியில் ஏற்றாமல் செல்லையா வந்துவிட்டான். ஆளேற்றக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தக் கசப்பு மாடசாமிக்குள் இருந்தது. செல்லையா பிளக் ஒயரைப் பிடுங்கி இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னான். பொறி இல்லை. நாலு ஒயரிலும் இல்லை. இறக்கத்தில் தள்ளிப் பார்த்தார்கள். வளைவு வரைக்கும் உருண்டு போய் நின்றது. அங்கிருந்து மேலேயும் தள்ள முடியாது, கீழேயும் விட முடியாது. கடைசியில் கம்பளியில் தொட்டில் கட்டி, மூங்கிலில் மாட்டி, அவளைக் குரங்கணிக்குச் சுமந்து இறங்கினார்கள். செல்லையாவும் ஒரு தோள் கொடுத்தான். பாதி வழியில் மாடசாமி அவனைத் தள்ளிவிட்டான்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளி மலைக்குத் திரும்பினார். வளைவில் ஜீப் நிற்கிறது, சுற்றிக் கூட்டம் நிற்கிறது. நடந்ததைச் சொன்னார்கள். இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "எங்க, எடு பாப்போம்" என்றார். செல்லையா சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே எடுத்தது.

அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அந்த ஜீப்பிலும் ஒரு கள்ள சுவிட்ச் இருந்தது. அதைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தைய நாள் வண்டியை விட்டு இறங்கும்போது அவருடைய கை பழக்கத்தில் சுவிட்சைத் தட்டியிருக்கும். போடி வீட்டில் தினமும் தட்டுகிற கை. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, மறதி எல்லாருக்கும் உண்டு. ஆனால் வளைவில் வந்து உட்கார்ந்து கையைச் சீட்டுக்கு அடியில் விட்டாரே, அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சுவிட்சைத் திருப்பிப் போட்டார். தெரிந்துதான் "எடு பாப்போம்" என்றார். இத்தனை வருடம் கழித்தும் என்னால் இதைச் சாதாரணமாக எழுத முடியவில்லை.

மாடசாமி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் செல்லையாவை அடித்தான். உதடு கிழிந்தது. லயத்தில் ஒருத்தர்கூட அவன் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. "பச்சப்புள்ளய கொன்னவன்" என்று அவன் பெண்டாட்டி காதுபடச் சொன்னார்கள். அந்தப் பெயரோடு அவனை மலையில் எந்தத் தோட்டத்திலும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

செல்லையா ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "வண்டியப் போடிப் பட்டறையில காட்டுங்க. மேஸ்திரி என்ன சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்." மாடசாமியும் அதற்குச் சம்மதித்தான். மேஸ்திரி பொய் சொல்ல மாட்டார் என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். முதலாளி மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வண்டி வந்தது. செல்லையாவே ஓட்டி வந்தான், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மாடசாமியும் லயத்து ஆட்கள் சிலரும் பஸ்சில் வந்தார்கள். முதலாளிக்கு நாற்காலி போட்டார்கள். மற்றவர்கள் நின்றார்கள். மேஸ்திரி பானெட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஒரு கோளாறு நிரந்தரமாக இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். வந்து போகிற கோளாறுதான் ஆளைக் கொல்லும். பொறி மொத்தமாக இல்லை, ஆனால் செல்ஃப் சுற்றியது என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். நாலு பிளக்கும் ஒரே நேரத்தில் போகாது, அதையும் விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது சாவி, காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி, இவற்றுக்கு நடுவே ஓடும் ஒயர்கள். இன்ஜினை ஓடவிட்டுச் சாவியை ஆட்டினேன். தடுமாறவில்லை. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினேன், விரிசல் இல்லை. ரோட்டாரின் பித்தளை முனை பளிச்சென்று இருந்தது. பாயிண்ட் இடைவெளி சரி. கண்டென்சரை மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. மறுபடி ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராக இழுத்தேன், முறுக்கினேன். இன்ஜின் அசையவில்லை.

கடைசியாகக் காயிலுக்கு வந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில், ஒரு நட்டுக்குக் கீழே ஒரு ஒயர் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. இரண்டாவதின் மேல் கிரீசும் புழுதியும் தடவி, வண்டியோடு பிறந்த ஒயர் மாதிரி ஆக்கியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். கறுப்புத் துணி டேப். எதிர்ப்பக்கச் சுற்று. முனையில் மெழுகு நூல் முடிச்சு.

நிமிர்ந்தேன். மேஸ்திரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை விடு" என்றார். இன்ஜின் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இது உங்க சுத்து மேஸ்திரி."

"விடுன்னேன்."

"புள்ள செத்துருக்கு."

"பூட்டுப் போட்டவன் பூட்டு இருக்குற எடத்தைச் சொல்லக் கூடாது. இன்னைக்கு நான் வாயத் தொறந்தா, நாளைக்கு எந்த மொதலாளி நம்பி வண்டிய விடுவான்?"

அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரகசியத்தைக் காப்பது எங்கள் தொழிலில் பாதி. ஆனால் எந்த ரகசியத்தை யாரிடமிருந்து காப்பது? திருடனிடம் மறைக்கட்டும். சாவியைக் கையில் கொடுத்து, மலைப்பாதையில் உயிர்களை ஏற்றி அனுப்புகிறவனிடம் மறைத்தால் அதற்கு என்ன பெயர்?

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போனார். செல்லையா கும்பிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"வண்டியில ஒரு பழுதும் இல்ல" என்றார் மேஸ்திரி.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

செல்லையா அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். மாடசாமி அவன் மேல் பாயப் போனான், ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "போதும், விடுங்கப்பா. போலீசு கீலீசு வேணாம். பிள்ளகுட்டிக்காரன். வேலைய விட்டு நிப்பாட்டிருவோம், எங்கயாவது போய்ப் பொழச்சுக்கட்டும்" என்றார். இரக்கம்! அந்த ஆள் அங்கே நின்று இரக்கம் காட்டினார்!

பேசினால் அந்தப் பட்டறையில் என் வேலை போகும் என்று தெரியும். போனது. பிறகு தனியாகப் பட்டறை போட்டு நானும் கள்ள சுவிட்சுகள் போட்டேன். ஒரே நிபந்தனை: வண்டியை ஓட்டுகிறவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முடியாது என்றவர்களிடம் வேறு பட்டறை பாருங்கள் என்றேன். பட்டறையைக் கைமாற்றும் வரை அந்த நிபந்தனையை விட்டதில்லை. அன்றைக்கு அதெல்லாம் யோசிக்கவில்லை. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மாடசாமியைக் கூப்பிட்டேன்.

"இங்க வா. அன்னைக்கு வண்டியில எங்க உக்காந்திருந்த?"

"முன்னாடி. மொதலாளி சீட்டுல. எதுக்கு?"

"ஏறி உக்காரு."

"எப்பா, விளையாட்டெல்லாம் வேணாம்" என்றார் முதலாளி. மேஸ்திரி தரையைப் பார்த்தார். மாடசாமி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

இடது சீட்டுக்கு அடியில் டூல்ஸ் வைக்கும் தகரப் பெட்டி உண்டு. ஒயர் அந்தப் பக்கமாகத்தான் இறங்கியது.

"சீட்டுக்கு அடியில கைய விடு. பெட்டி ஓரத்துல உள்பக்கம் தடவு. ஏதாவது தட்டுப்படுதா?"

"குமிழ் மாதிரி ஒண்ணு இருக்கு."

"தட்டு."

தட்டினான். இன்ஜின் நின்றது.

"செல்லையா, செல்ஃப் அடி" என்றேன். எழுந்து வந்து அடித்தான். சுற்றியது. எடுக்கவில்லை. அன்றைக்கு மலையில் கேட்ட அதே சத்தம். லயத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடி தட்டு."

தட்டினான். செல்லையா சாவியைத் திருப்பினான். எடுத்தது.

நான் சொல்லாமலே மாடசாமி மறுபடி தட்டினான். நின்றது. மறுபடி தட்டினான், செல்லையாவைப் பார்த்தான். செல்லையா கிளப்பினான். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தான். யாரும் தடுக்கவில்லை. கடைசியில் கையை வெளியே எடுத்துப் பார்த்தான். விரலில் கிரீஸ் இருந்தது.

"அன்னைக்கும் இது இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான்" என்றேன்.

"நான் இது மேலதான் உக்காந்திருந்தேன். அவ பின்னாடி கெடந்து கத்துறா. நான் இது மேல உக்காந்துக்கிட்டு இவனை வஞ்சுக்கிட்டு இருந்தேன்."

செல்லையா வீங்கிய உதட்டோடு சொன்னான்: "உனக்கும் சொல்லல மாப்ளே. எனக்கும் சொல்லல."

"என் வண்டி" என்றார் முதலாளி. குரலில் கூச்சமே இல்லை. "என் வண்டிக்கு நான் பூட்டுப் போடுவேன். அதை டிரைவர்ட்ட சொல்லிட்டுத்தான் போடணுமா? சொன்னா அது என்ன பூட்டு?"

செல்லையா வண்டியை அணைத்தான். இறங்கிப் பானெட்டுக்குப் போனான். மூடியைக் கழற்றினான், ரோட்டாரைப் பிடுங்கினான், வழக்கம்போலச் சட்டையில் துடைத்தான். பையில் போடவில்லை. முதலாளியின் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தாங்க மொதலாளி. இது மட்டுந்தான் என்கிட்ட இருந்துச்சு."

முதலாளிக்கு அதை எப்படி மாட்டுவது என்று தெரியாது. என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மேஸ்திரி வந்து வாங்கி, இடது கையால் மாட்டி, மூடியை அழுத்தினார். முதலாளியே ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். வெளியே போகும்போது நிறுத்தி, "ஏறுடா மாடசாமி, மலைக்குத்தான் போறேன்" என்றார்.

இடது சீட்டு காலியாக இருந்தது. மாடசாமி அந்தச் சீட்டைப் பார்த்தான். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய், அங்கே கிடந்த செல்லையாவின் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.